குரங்கின் பெயரும் வாத்தின் பெயரும்

பிப்ரவரி 9, ஞாயிறு

மாடியில் துணியைப் புரட்டிப் போட்டுவிட்டு இறங்கி வந்தால், கூடத்தின் நடுவில் ஒரு நாய் நிற்கிறது.

அக்கா மகள் கூட்டி வந்திருக்கிறாள். யாரோ விட்டுவிட்டுப் போன நாய்களை வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறதாம், அங்கிருந்து. ஏழு மாதம். பழுப்பு உடம்பு, வெள்ளை வயிறு, ஒரு காது விறைத்து நிற்கிறது, இன்னொன்று மடிந்து தொங்குகிறது. என் செருப்பை மோந்து பார்த்துவிட்டுத் தும்மியது.

"அம்மாவுக்காகத்தான் சித்தி. வாசப்படி தாண்ட மாட்டேங்கறாங்க. நாய் இருந்தா தினம் நடந்துதானே ஆகணும்."

அக்காவுக்குப் போன அக்டோபரில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்று. இப்போது கழுத்தில் இருக்கும் துளை வழியாகத்தான் மூச்சு. வாய்ப் பக்கம் காற்றே வராததால் கிசுகிசுக்கக்கூட முடியாது. தொண்டையில் அழுத்திப் பேசுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். ஒரு தடவை பேசிப் பார்த்தாள், அந்த இயந்திரச் சத்தத்தைக் கேட்டதும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டாள். ஒரு சின்ன வெள்ளைப் பலகை, ஒரு நீல மார்க்கர். அவ்வளவுதான் அவள் பேச்சு.

தரையில் உட்கார்ந்தாள். நாய் அவள் மடியில் தலையை வைத்தது. சிரித்தாள். அக்டோபருக்கு அப்புறம் முதல் சிரிப்பு. எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. நான் இடுப்பு பிடித்து இரண்டு மாதம் மாடியில் கிடந்தபோது எனக்கு ஒரு வெந்நீர்ப் பைதான் வந்தது.

டீ குடிக்கும்போது பெயர்ப் பேச்சு. "அந்தப் பழைய கார்ட்டூன்ல இருந்துதான் வைக்கணும், நம்ம வீட்டுக் கார்ட்டூன்ல இருந்து" என்றாள் அக்கா மகள்.

நம்ம வீட்டுக் கார்ட்டூன். முப்பது வருஷத்துக்கு முன்னால் ஞாயிறு காலைகளில் வந்தது. எங்கோ, யாரோ, அதற்கும் முப்பது வருஷம் முன்னால் வரைந்தது. தமிழில் குரல் கொடுத்தது நாங்கள். அக்காதான் சொடக்கு. விரலைச் சொடுக்கினால் பூட்டு திறக்கும், புலி தூங்கிப்போகும் – அப்படிப்பட்ட குரங்கு. நான் மக்கு. அந்தக் குரங்கின் பின்னாலேயே ஓடுகிற வாத்து. என் வசனம் ஒன்றே ஒன்று: "எனக்கென்ன தெரியும்?" நூற்றுச் சொச்சம் வாரம் அதையே சொன்னேன்.

அத்தான் 'பல்லவராயர்' என்றார். அது முதலை. மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருகிறவருக்கு இந்த மாதிரி ஒரு பேச்சு கிடைத்தால் போதும், உற்சாகமாகிவிடுவார். "வாசல்ல நின்னு 'பல்லவராயரே, உள்ள வாங்க'ன்னு கூப்பிட்டா எவ்வளவு கம்பீரமா இருக்கும்?" அக்கா மகள் 'மூக்கையா' என்றாள், யானை. கடைசியில் அவளே சொன்னாள்: "எதுக்கு சுத்தி வளைச்சுக்கிட்டு. சொடக்குதான். அது அம்மா பேரு."

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். அவள் பலகையில் எழுதினாள்: பொறுமையா வைக்கலாம்.

வாத்தின் பெயரை ஒருவரும் சொல்லவில்லை. அந்த வாத்துதான் டீ போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தது.

பிப்ரவரி 10, திங்கள்

நாய்க்கு மாடிப்படி ஏறத் தெரிகிறது, இறங்கத் தெரியவில்லை. மூன்று தடவை தூக்கி இறக்கினேன்.

பிப்ரவரி 12, புதன்

எழுதக் கூடாது என்று நினைத்தேன். எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் தூங்க விடாது.

அந்தக் கார்ட்டூனுக்கு என்னைத்தான் கூப்பிட்டிருந்தார்கள். வானொலி நாடகங்களில் நான்கு வருஷம் பேசியிருந்தேன். அன்றைக்கு மழை, தனியாகப் போக வேண்டாமே என்று அக்கா கூட வந்தாள். வெளியே பெஞ்சில் என் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் உள்ளே கண்ணாடி அறையில் குரங்குக்கு வசனம் பேசிக் காட்டிக்கொண்டிருக்கிறேன். டீ கொண்டுவந்தவர் என்ன சொன்னாரோ, அவள் சிரித்தாள். டைரக்டர் கதவைத் திறந்து கேட்டார்: "யாரு சிரிச்சது?"

அவ்வளவுதான். எனக்கு வாத்து.

அவள் கேட்கவில்லை. தட்டிப் பறிக்கவும் இல்லை. "இவதான் நல்லா பேசுவா சார்" என்றுகூடச் சொன்னாள். பறித்திருந்தாலாவது சண்டை போட்டிருக்கலாம். சும்மா சிரித்தவளோடு என்னவென்று சண்டை போடுவது?

அதற்கப்புறம் அவள் போகிற இடமெல்லாம் குழந்தைகள் சூழ்ந்துகொண்டு விரலைச் சொடுக்கச் சொன்னார்கள். நான் கல்யாணம் ஆகி மூன்று வருஷத்தில் திரும்பி வந்து, இந்த வீட்டு மாடியில் ஒண்டிக்கொண்டு, கிடைத்ததைப் பேசினேன். லிஃப்டில் 'கதவுகள் மூடுகின்றன' நான்தான். வங்கிக்குப் போன் போட்டால் 'தயவுசெய்து காத்திருக்கவும்' நான்தான். தினம் எத்தனை பேர் என் குரலைக் கேட்கிறார்கள், எல்லோரும் எரிச்சலில் இருக்கும்போது மட்டும்.

பிப்ரவரி 14, வெள்ளி

காலையில் பார்த்தது.

அக்கா பின்கட்டுப் படியில் உட்கார்ந்திருந்தாள். நாய் தூரத்தில், சுவரோரம் மண்ணைத் தோண்டிக்கொண்டிருந்தது. அவள் கையைத் தூக்கி விரலைச் சொடுக்கினாள். ஒரே ஒரு தடவை. நிற்கிற காது திரும்பியது. பிறகு தலை. பிறகு மொத்த நாயும் திரும்பி அவளிடம் ஓடி வந்தது.

அக்கா தன் விரலையே பார்த்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள் – யாராவது பார்த்தார்களா என்று. சமையலறை ஜன்னலில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

குழாயைத் திறந்து பாத்திரம் கழுவ ஆரம்பித்தேன்.

நாயின் பெயரையே விரலால் சொல்லலாம். வேறு எந்தப் பெயரையும் அவளால் சொல்ல முடியாது. இது புரிவதற்குப் பெரிய மூளை தேவையில்லை, எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. மத்தியானம் அத்தான் சாப்பிட வந்தார். சொல்லவில்லை. சாயங்காலம் அக்கா மகள் போன் செய்தாள். சொல்லவில்லை.

ஏன்? தெரிந்துதான் கேட்டுக்கொள்கிறேன். தொண்டை போன பிறகும் அவளுக்குத்தான் கிடைக்கிறது.

பிப்ரவரி 15, சனி

அக்கா பத்து மணியிலிருந்து பன்னிரண்டு வரை தூங்குவாள், மாத்திரை அப்படி. அத்தான் கடையில் இருப்பார். நானும் நாயும் மட்டும்.

முட்டை ஒன்றை வேகவைத்துப் பொடிப்பொடியாக நறுக்கினேன். மாடிக்குக் கூட்டிப் போய் எதிர் மூலையில் நின்றுகொண்டு, மூக்கைச் சுருக்கி, தொண்டையை அமுக்கி, அந்தக் குரலில் கூப்பிட்டேன்: "மக்கூ..."

கிட்டத்தட்ட முப்பது வருஷமாகிறது அந்தக் குரலில் பேசி. கொஞ்சம்கூட மாறவில்லை.

நாய் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு துண்டு போட்டேன். இன்னொரு தடவை. இன்னொரு துண்டு.

பிப்ரவரி 19, புதன்

எட்டு தடவை கூப்பிட்டேன், எட்டு தடவையும் வந்தது. முட்டை இல்லாமல்கூட.

பிப்ரவரி 23, ஞாயிறு

அத்தானே வழி செய்து கொடுத்தார். "ஆளுக்கொரு பேர் சொல்லிக்கிட்டே இருந்தா அது பாவம் குழம்பிடும். அதையே கேட்டுடுவோம்" என்றார். கூடத்தின் மூன்று மூலையில் மூன்று பேர். அக்கா நாற்காலியில், நடுவராக. நாய் நடுவில்.

அத்தான்: "பல்லவராயரே." நாய் காலைச் சொறிந்தது.

அக்கா மகள்: "சொடக்கு, சொடக்கு, இங்க வாடா." வாலை ஆட்டியது, நகரவில்லை.

நான் ஒரே ஒரு தடவை கூப்பிட்டேன். தரையில் நகம் வழுக்க ஓடி வந்து என் வயிற்றில் மோதியது.

எல்லோரும் சிரித்தார்கள். "மச்சினி, உன் வாத்து ஜெயிச்சிடுச்சே" என்று அத்தான் கைதட்டினார். அக்கா மகளுக்கு முகம் கொஞ்சம் விழுந்துவிட்டது, ஆனாலும் சிரித்தாள். அக்காவைப் பார்த்தேன். அவள் வலது கை மடியில் இருந்தது. கட்டைவிரலும் நடுவிரலும் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன, சொடுக்கப் போகிற மாதிரி. சொடுக்கவில்லை. கையைப் பிரித்து மார்க்கரை எடுத்துப் பலகையில் எழுதினாள்:

சரி. மக்குதான்.

முப்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு போட்டியில் ஜெயித்திருக்கிறேன். நன்றாகத் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 24, திங்கள்

வரவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

அக்காவைப் பார்க்க ஒரு பெண் வந்தாள், கையில் ஐந்து வயதுக் குழந்தை. சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமையானால் தொலைக்காட்சி முன்னால்தான் கிடந்தாளாம். "உங்க குரல் கேட்டாதான் எனக்கு லீவு நாள்னே தோணும்" என்று சொல்லி அக்கா கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் பிஸ்கட் தட்டோடு நின்றேன். "நீங்க?" என்று கேட்டாள். "தங்கச்சி" என்றேன். "பார்த்துக்கறதுக்கு ஆள் இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்" என்றாள்.

வாத்தைப் பற்றி அக்கா பலகையில் எழுத ஆரம்பித்தாள். அதற்குள் குழந்தைக்கு மூத்திரம் வந்துவிட்டது, கிளம்பிவிட்டார்கள்.

அவர்கள் போனதும் வேண்டுமென்றே முற்றத்தில் நின்று நாயைக் கூப்பிட்டேன். அக்காவின் காலடியில் படுத்திருந்தது எழுந்து ஓடி வந்தது. சின்னத்தனம்தான். தெரிகிறது.

மார்ச் 13, வியாழன்

நிதானமாக எழுத வேண்டும்.

காலையில் அக்கா தானாகவே செருப்பு மாட்டினாள். பலகையில்: பூங்கா வரைக்கும். நாங்க ரெண்டு பேர் மட்டும். கழுத்துத் துணியைக் கண்ணாடி பார்த்துக் கட்டிக்கொண்டாள். பலகைக்குப் பதிலாகக் கையில் ஒரு சின்ன நோட்டுப் புத்தகம். தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். நாய்தான் அவளை இழுத்துக்கொண்டு போனது, ஆனால் அவள் நிமிர்ந்து நடந்தாள்.

முக்கால் மணி நேரத்தில் வாசல் கதவு தட்டும் சத்தம். பூங்கா எதிரில் சைக்கிள் கடை வைத்திருப்பவர். நாற்பது வயது இருக்கும், கையெல்லாம் கிரீஸ்.

"இந்த வீட்டு அம்மாதானே கழுத்துல துணி கட்டியிருக்கறது? நாய் பிச்சுக்கிட்டு ஓடிடுச்சும்மா. பெரிய ரோட்டுப் பக்கம். அவங்க வாயைத் திறக்கறாங்க, மூடறாங்க, சத்தமே வரல. பேர் என்னன்னு கேட்டா அழறாங்க."

வெறுங்காலோடு ஓடினேன்.

பூங்கா வாசலில் ஐந்தாறு பேர். நடுவில் அக்கா. கையைத் தட்டுகிறாள், விரலைச் சொடுக்குகிறாள், மறுபடி கையைத் தட்டுகிறாள். நோட்டுப் புத்தகம் தரையில் கிடக்கிறது. கழுத்துத் துணி மூச்சுக்கு மூச்சு உள்ளே போய் வெளியே வருகிறது. வாயைத் திறந்தபடி ரோட்டைப் பார்த்து நிற்கிறாள். அந்த வாய் – அதை எழுத முடியவில்லை.

ரோட்டுக்கு அந்தப் பக்கம் லாரிகள் வரிசையாக நின்றன. நாய் கண்ணிலேயே படவில்லை. நான் மூக்கைச் சுருக்கி, தொண்டையை அமுக்கி, என்னால் முடிந்த மட்டும் கத்தினேன்: "மக்கூ... மக்கூ..."

மூன்றாவது லாரிக்கு அடியிலிருந்து வெளியே வந்தது. ஒரு வேன் பிரேக் போட்டது. அதை வட்டமடித்துவிட்டு நேராக என் காலுக்கு வந்தது. முதுகெல்லாம் கறுப்பு எண்ணெய்.

அப்போது சைக்கிள் கடைக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா... அந்த வாத்து நீங்களா?"

முப்பது வருஷமாக யாராவது கேட்பார்களா என்று காத்திருந்த கேள்வி.

"ஆமா" என்றேன்.

"ஐயோ, எங்க தம்பியும் நானும் அந்த வாத்துக்காகவே உட்கார்ந்திருப்போம். அது பேசறதுக்கு முன்னாடியே நாங்க பேசிடுவோம்." அவர் முகம் பத்து வயதுப் பையனின் முகமாகிவிட்டது. பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். இரண்டு பேருக்கு ஞாபகம் வந்தது. சிரித்தார்கள். பிறகு கேட்டார்: "அப்போ அந்தக் குரங்குக்கு யாரும்மா பேசுனாங்க?"

அக்கா மூன்றடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். குனிந்து நோட்டை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் மூக்கைச் சுருக்கினேன். வாத்துக் குரலில் சொன்னேன்: "எனக்கென்ன தெரியும்?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

மார்ச் 14, வெள்ளி

அக்கா இன்று சாப்பிடவில்லை. மத்தியானம் அவள் அறைக்குள் டீ கொண்டுபோனேன். உட்காரச் சொல்லிக் கை காட்டினாள். எழுதினாள், அழித்தாள், எழுதினாள். நான் நினைவில் இருந்து அப்படியே எழுதி வைக்கிறேன்.

கடைக்காரர் கேட்டது என் காதுல விழுந்தது. தொண்டைதான் போச்சு, காது போகல.

அழித்தாள்.

அது பரவாயில்ல. உனக்கும் ஒரு நாள் வேணும்.

அழித்தாள்.

ஆனா அன்னிக்கு நான் சொடக்குப் போட்டப்போ அது வந்துச்சு. நீ ஜன்னல்ல நின்னே.

நான் டீயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொல்லுவேன்னு நினைச்சேன். நானா கேட்டா, நாய்க்கும் என் பேரையே வச்சுக்கிட்டேன்னு உனக்குத் தோணும். அதான் கேக்கல.

இதை அவள் அழிக்கவில்லை. பலகையைக் கட்டிலில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

என்ன சொல்ல? சொல்றதுக்கு என்ன இருக்கு? வாய் இருக்குன்னு பேர்தான். ஏண்டி இப்படி ஆனேன்? லாரிக்கடியில அது போயிருந்தா? அந்த வேன் ஒரு நொடி முன்னாடி வந்திருந்தா? ஒரு பேருக்காக. முட்டை நறுக்கிப் போட்டு, மாடியில ஒளிஞ்சு நின்னு – அம்பத்திநாலு வயசுல.

மார்ச் 16, ஞாயிறு

அத்தானிடம் சொல்லிவிட்டேன். கடை சாத்தியிருந்த நேரம், அவர் பின்கட்டில் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். எண்ணெய் இன்னும் முழுசாகப் போகவில்லை. முட்டை, மாடி, வாத்துக் குரல், ஜன்னல், எல்லாவற்றையும் சொன்னேன்.

திட்டுவார் என்று நினைத்தேன். தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்.

"அவ தனியா வாசப்படி தாண்டுனது அஞ்சு மாசத்துல அன்னிக்குத்தான்" என்றார். "கண்ணாடி முன்னாடி கால் மணி நேரம் நின்னா. நான் கடைக்குக் கிளம்பாம பார்த்துக்கிட்டே இருந்தேன்."

பிறகு துண்டைக் கேட்டார். கொடுத்தேன்.

"நான் கைதட்டுனேனே அன்னிக்கு" என்றார். அதுதான் அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் வலித்தது.

மார்ச் 17, திங்கள்

அக்கா மகளிடமும் சொன்னேன். "ஏன் சித்தி?" என்றாள். அதற்குமேல் கேட்கவில்லை, நல்ல பெண். நாயைக் கூட்டி வந்த இடத்தில் நாய்களைப் பழக்குகிறவர் ஒருவர் இருக்கிறாராம், அவரைக் கேட்டுச் சொன்னாள்:

பேரை மாற்றலாம், சின்ன நாய்தான். ஆனால் பழைய பேரைக் கூப்பிட்டவர் நிறுத்தினால்தான் புதுசு பிடிக்கும். கூப்பிடக் கூடாது, தீனி போடக் கூடாது, வந்து ஒட்டினாலும் கண்டுகொள்ளக் கூடாது. குறைந்தது ஒரு மாதம். நாய்க்கு என்ன வேண்டுமோ அதெல்லாம் அக்கா கையிலிருந்துதான் கிடைக்க வேண்டும், ஒவ்வொரு தடவையும் சொடக்குப் போட்டு.

"உங்களால முடியுமா சித்தி?"

"முடியும்" என்றேன்.

அக்காவிடம் போய்ச் சொன்னேன். எழுதினாள்: அது உன் கூடத்தான் படுக்குது.

தெரியும் என்றேன்.

மார்ச் 18, செவ்வாய்

மாடிக்கதவைச் சாத்திக்கொண்டேன். கீழே போகும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு போனேன். நாய் என் முன்னால் வந்து உட்கார்ந்து இரண்டு காதையும் தூக்கியது. அந்த மடிந்த காதுகூடக் கொஞ்சம் நிமிர்ந்தது. தாண்டிப் போனேன்.

மார்ச் 21, வெள்ளி

மாடிப்படி நடுவில் படுத்திருக்கிறது. இறங்கத் தெரிந்துவிட்டது. ஆனாலும் இறங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 27, வியாழன்

சொடக்குச் சத்தத்துக்கு இன்று பத்தில் நாலு தடவை வந்ததாம். அத்தான் படிக்குக் கீழே நின்று சத்தம் போட்டுச் சொன்னார். சந்தோஷச் செய்தி என்று நினைத்து.

நாலுதானே என்று தோன்றியது. முதல் எண்ணம் அதுதான். திருந்திவிட்டேன் என்று யாரும் நினைக்க வேண்டாம், நான் உட்பட.

ஏப்ரல் 6, ஞாயிறு

லிஃப்டுக்காகப் புதிதாக ஒரு பதிவு. 'எடை அதிகமாக உள்ளது, தயவுசெய்து ஒருவர் வெளியேறவும்.' ஏழு விதமாகப் பேசச் சொன்னார்கள். ஏழாவதில் என் குரல் கொஞ்சம் தழுதழுத்துவிட்டது. "அம்மா, லிஃப்ட் அழற மாதிரி இருக்கு, இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார் சவுண்ட் இன்ஜினியர்.

ஏப்ரல் 12, சனி

அக்கா பின்கட்டிலிருந்து சொடுக்குவது மாடி வரை கேட்கிறது. சுருக்கென்று, உலர்ந்த குச்சி முறிகிற மாதிரி. அடுத்த நொடி கீழே நகங்கள் ஓடும் சத்தம். ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது. இத்தனை மாதம் சத்தமே இல்லாதிருந்த வீட்டில் அக்கா பேசிக்கொண்டே இருக்கிறாள்.

கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். பிறகு சாத்தினேன். பிறகு திறந்தேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அக்கா மகள் வந்திருந்தாள். எனக்கு ஒரு மாதம் முடிந்துவிட்டதாம், இனிமேல் தொடலாமாம். கீழே போய் உட்கார்ந்தேன். நாய் வந்து என் கையை மோந்தது. நக்கியது. விருந்தாளியை நக்குகிற மாதிரி, மரியாதையாக. பிறகு அக்கா காலடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது.

மே 11, ஞாயிறு

இப்போது அக்கா தினமும் பூங்காவுக்குப் போகிறாள். இன்று என்னையும் வரச் சொன்னாள். பலகையில் எழுதவில்லை, என் செருப்பைக் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள்.

அவள் வேகமாக நடக்கிறாள். நான்தான் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு போனேன்.

பூங்காவுக்குள் கயிற்றை அவிழ்த்துவிட்டாள். நாய் தூரத்தில் இன்னொரு கறுப்பு நாயோடு உருண்டு விளையாடியது. என்னவோ ஓர் ஆசை வந்துவிட்டது. அக்கா செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்த நேரம், மெதுவாக, ஆனால் அந்தக் குரலில் கூப்பிட்டேன்: "மக்கூ..."

ஒரு காதுகூட அசையவில்லை.

அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். கேட்டுவிட்டது. கோபம் இல்லை அவள் முகத்தில். சிரிப்பும் இல்லை. கையைத் தூக்கி ஒரு தடவை சொடுக்கினாள். அவ்வளவு தூரத்திலும் அந்த நாய் மற்ற நாயை அப்படியே விட்டுவிட்டு, புல்லைக் கிழித்துக்கொண்டு வந்தது.

வயிறு எரிந்தது. பொய் சொல்வானேன்.

வெளியே வரும்போது சைக்கிள் கடைக்காரர் எங்களைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். "வாத்தம்மா, எங்க ஆளையே காணோம்?" என்று என்னைப் பார்த்துத்தான் சிரித்தார். "நாய் பத்திரமா இருக்கா? பேர் மக்குதானே?"

"இல்ல, மாத்தியாச்சு" என்றேன். "சொடக்கு."

"அட, அந்தக் குரங்கு பேரா?"

"ஆமா. அந்தக் குரங்கு இவங்கதான். எங்க அக்கா."

அவர் கையில் இருந்த பஞ்சர் ரப்பரைக் கீழே வைத்துவிட்டார். அக்காவைப் பார்த்தார், கழுத்துத் துணியைப் பார்த்தார், மறுபடி முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு வாயைத் திறந்து நின்ற அம்மா யார் என்று அவருக்குப் புரிந்துகொண்டிருந்தது. கிரீஸ் கையைச் சட்டையிலேயே துடைத்துக்கொண்டு, "அம்மா, ஒரே ஒரு தடவை" என்றார்.

அக்கா சொடுக்கினாள்.

அவர் கடைக்குள் ஓடி நாற்காலி கொண்டுவந்தார். யாருக்கோ போன் போட்டார், தம்பிக்காக இருக்கும். அக்கா நோட்டில் எழுத எழுத அவர் தலையை நீட்டி நீட்டிப் படித்தார், கேட்டார், சிரித்தார், ஒரு தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டார். என் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிழலில் நின்றேன். நாய் என் கால் மேல் உட்கார்ந்து அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தது. அரை மணி நேரம் ஆனது. வெயில் கால் வரை வந்துவிட்டது. கிளம்பலாம் என்று நான் சொல்லவில்லை.